சமத்துவம் நெய்த ஆடை

நுழையும்முன்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் மாணவர்களைப் பார்ப்பவருக்கு, எவர் வீட்டில் நன்செய் நிலம் உண்டு, எவர் வீட்டில் நேற்றிரவு அடுப்பு எரியவில்லை என்பது தெரிவதில்லை. எல்லாரையும் ஒரே நிறம் போர்த்தியிருக்கிறது. ஆனால், அந்த ஒரே நிறத் துணியை வாங்கப் பணம் வேண்டும். எல்லாரும் ஒன்றுபோல உடுத்த வேண்டும் என்று விதி செய்வது எளிது. அந்த விதி ஏழைப் பிள்ளைக்கு மற்றொரு பூட்டிய கதவாக மாறாமல் காப்பது அரிது. இந்த அரிய செயலைத் தமிழகத்தில் தொடங்கிவைத்த ஒரு தலைவரின் வாழ்வை, அவர் பிள்ளைகளுக்கு அளித்த ஆடையின் வழியாக அறிவோம்.

பிடி அரிசியில் வளர்ந்த பள்ளி

இன்றைய விருதுநகர் அன்று விருதுப்பட்டி என்று வழங்கப்பட்டது. மானாவாரி நிலங்கள் சூழ்ந்த அந்த வணிக ஊரில், 1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் குமாரசாமி, சிவகாமி அம்மையார் இணையருக்குப் பிறந்தவர் காமராசர். பெற்றோர் முதலில் இட்ட பெயர் காமாட்சி. அப்பெயரே பின்னர்க் காமராசர் ஆயிற்று. தந்தை தேங்காய் வணிகர். பாட்டி பார்வதி அம்மையாரின் செல்லத்திலும் தாயின் கண்டிப்பிலும் அவருடைய இளமை கழிந்தது.

திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்த சிறுவன், பின்னர் ஊரிலிருந்த சத்திரிய வித்தியாசாலையில் சேர்க்கப்பட்டான். அந்தப் பள்ளி நடந்த முறை நாம் கருதத்தக்கது. ஊர் வணிகர்கள் தம் வணிகத்தின் ஒரு பகுதியை மகமையாக ஒதுக்கினர். வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்தனர். இவ்வாறு சேர்ந்த பொருளும் பிடி அரிசியும் பள்ளியைத் தாங்கின. பிள்ளைகள் கட்டணமின்றிப் படித்தனர். ஒவ்வொரு வீடும் தன்னால் இயன்ற சிறிதளவைக் கொடுத்தால், எந்த வீட்டின்மீதும் பெருஞ்சுமை விழாமல் எல்லார் பிள்ளைகளும் கற்கலாம் என்னும் உண்மை, காமராசர் படித்த பள்ளியின் சுவர்களிலேயே இருந்தது.

அப்பள்ளி நாள்களைச் சேர்ந்த நிகழ்ச்சி ஒன்றை அவர் வாழ்க்கை வரலாற்றைக் கூறுவோர் குறிப்பிடுவர். பிள்ளையார் சதுர்த்தி வழிபாட்டிற்காக மாணவர் அனைவரிடமும் காசு திரட்டப்பட்டது. வழிபாடு முடிந்து சுண்டலும் பொரிகடலையும் பங்கிடப்பட்டபோது, வலுத்த பிள்ளைகள் முண்டியடித்து மிகுதியாகப் பெற்றனர். ஒதுங்கி நின்ற காமராசருக்குச் சிறிதளவே கிடைத்தது. வீட்டிற்கு வந்தபோது, ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைத்தது என்று பாட்டி வினவினார். எல்லாரும் ஒரே அளவு காசு கொடுத்திருக்கும்போது எல்லாருக்கும் ஒரே அளவாகப் பங்கிடுவதுதானே முறை என்றும், முண்டியடிக்காதது தன் தவறாகாது என்றும் சிறுவன் விடையளித்ததாகக் கூறுவர். பங்கீட்டில் நேர்மை வேண்டும் என்ற அந்தக் கேள்வி, பின்னாளில் ஓர் அரசின் திட்டங்களில் மீண்டும் ஒலித்தது.

துணிக்கடையில் நின்ற சிறுவன்

காமராசருக்கு ஆறு வயதானபோது தந்தை காலமானார். சிவகாமி அம்மையார் தம்மிடமிருந்த நகைகளைப் பணமாக்கி, அதனைக் கொண்டு மகனையும் மகள் நாகம்மையையும் வளர்த்தார். கட்டணமில்லாப் பள்ளியாயினும் வீட்டின் வறுமை பள்ளிக்கு வெளியே காத்திருந்தது. ஆறாம் வகுப்பளவில் காமராசரின் படிப்பு நின்றது.

கல்விக்குக் கட்டணம் இல்லாமையால் மட்டுமே ஏழை வீட்டுப் பிள்ளை படித்துவிட முடியாது என்பதற்கு அவருடைய வாழ்வே சான்றாயிற்று. பிள்ளை பள்ளிக்குச் சென்றால் அவன் ஈட்டக்கூடிய சிறு வருவாய் நின்றுபோகும். அவனுக்கு உணவும் உடையும் புத்தகமும் வேண்டும். இவை யாவும் கண்ணுக்குத் தெரியாத கட்டணங்கள்.

பள்ளியை விட்ட சிறுவன் தாய்மாமன் கருப்பையாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஊரின் உயர்வு தாழ்வு அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டும் கண்ணாடி துணிக்கடை. ஒருவர் மெல்லிய மல் துணியைக் கெஜக் கணக்கில் கிழிக்கச் சொல்வார். மற்றொருவர் முரட்டுத் துணியின் விலையைப் பலமுறை கேட்டுவிட்டுத் திரும்புவார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே புதுத்துணி எடுக்கும் குடும்பங்கள் உண்டு. அதற்கும் கடன் சொல்லும் குடும்பங்கள் உண்டு. படிப்பை இழந்த சிறுவன் வளர்ந்த இடம் இத்தகைய கடையாகும்.

ஆடையும் எழுத்தும் மறுக்கப்பட்ட காலம்

ஆடை என்பது உடலை மறைப்பதற்கும் வெயில் மழையிலிருந்து காப்பதற்கும் மட்டும் உரியதாக நம் மண்ணில் இருந்ததில்லை. எவர் எதை உடுத்தலாம், எதை உடுத்தக் கூடாது என்று சாதி வகுத்த எல்லைகள் நெடுங்காலம் நிலவின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் தென்பகுதியில் நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டம் இதற்குச் சான்று. மேலாடை அணியும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட பெண்கள் பல்லாண்டுகள் போராடினர். 1859ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூர் அரசு அவ்வுரிமையை ஒருவாறு ஏற்றது. அப்போதும், உயர்ந்தோர் எனப்பட்ட பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடை உடனிருந்தது.

காமராசரின் சொந்த மாவட்டத்திலும் இக்கொடுமை தொடர்ந்தது. விருதுநகர் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தில் 1930, 1931ஆம் ஆண்டுகளில் ஆதிக்கம் செலுத்தியோர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது சில தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி அணியக் கூடாது. சட்டை போடக் கூடாது. பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது. பொன் நகையும் வெள்ளி நகையும் பூணக் கூடாது. இவற்றோடு, அவர்களின் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதும் ஒரு தடையாக இருந்தது. உடையை மறுத்த அதே கை எழுத்தையும் மறுத்தது என்பதை இங்கு நாம் உணர வேண்டும். ஆடையில் தாழ்த்தி வைப்பதும் அறிவில் தாழ்த்தி வைப்பதும் ஒரே நோக்கின் இரு பக்கங்களாக இருந்தன.

இத்தகைய பின்னணியில் பார்க்கும்போதுதான், ஒரு வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சட்டை அணிந்து அமர்வது எத்தகைய மாற்றம் என்பது விளங்கும்.

விடுதலைப் போரிலிருந்து ஆட்சிப் பொறுப்புக்கு

துணிக்கடையில் இருந்த இளைஞரை நாட்டு விடுதலை இயக்கம் ஈர்த்தது. பதினாறு வயதளவில் காங்கிரசு இயக்கத்தில் ஈடுபட்ட காமராசர், கதராடை அணியத் தொடங்கினார். 1930இல் இராசாசி தலைமையில் நிகழ்ந்த வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். பள்ளியில் கிடைக்காத கல்வியைச் சிறைச்சாலை நூல்களில் தேடிக்கொண்டார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானார். சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முழு நேரமும் செலவிட இயலாத பதவியை வைத்திருப்பது முறையன்று எனக் கருதி, விடுதலையானதும் அதிலிருந்து விலகினார்.

1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அப்போது கல்வித்துறையில் பெரும் கொந்தளிப்பு நிலவியது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் மட்டும் பள்ளியில் கற்று, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்ற திட்டம் 1953இல் நடைமுறைக்கு வந்திருந்தது. பிறப்பால் அமைந்த தொழிலிலேயே பிள்ளைகளை இத்திட்டம் நிறுத்திவிடும் என்று மக்கள் எதிர்த்தனர். ஆட்சிப் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

அடுத்துப் பள்ளிகள் பெருகின. ஒரு மைல் தொலைவுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது இலக்காயிற்று. சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. நிதிக்கும் கல்விக்கும் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் சி. சுப்பிரமணியமும் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் இப்பணிகளில் அவருக்குத் துணை நின்றனர். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே எழுத்தறிந்திருந்தனர். இந்நிலையை மாற்றப் பள்ளிக் கட்டடம் மட்டும் போதாது என்பது விரைவில் தெரியவந்தது.

பசிக்குப்பின் எழுந்த கேள்வி

ஊருக்கு ஊர் பள்ளி திறந்தும் பிள்ளைகள் பலர் வரவில்லை. ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைக்கு ஒருவேளைக் கஞ்சியாவது கிடைத்தது. பள்ளியில் அதுவும் இல்லை. இதனை உணர்ந்த அரசு 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. பணத்திற்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தபோது, பிள்ளைகளின் உணவுக்காக ஊர் ஊராகச் சென்று கையேந்தவும் தயங்கேன் என்று காமராசர் உறுதிகாட்டியதாகக் கூறுவர். முதலில் ஊர் மக்களின் கொடையால் நடந்த இத்திட்டத்தில் 1957 முதல் அரசும் செலவில் பங்கேற்றது. ஒருவேளை உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நான்கு காசை ஊராரும் ஏற்றனர். விருதுப்பட்டியின் பிடி அரிசி, இப்போது மாநிலம் முழுவதற்குமான உலையில் வெந்தது எனலாம்.

உணவு கிடைத்ததும் பிள்ளைகள் வந்தனர். வந்தவர்களை ஒருசேர அமர்த்தியபோது மற்றொரு வேறுபாடு கண்ணில் பட்டது. மடிப்புக் கலையாத சட்டை அணிந்த பிள்ளையின் அருகில், அண்ணனின் கிழிந்த சட்டையைத் தோளில் தொங்கவிட்ட பிள்ளை இருந்தான். சட்டையே இல்லாமல் வந்தவனும் இருந்தான். ஒரே பாவாடையைத் துவைத்துக் காயவைத்த நாளில் பள்ளிக்கு வர இயலாத சிறுமியும் இருந்தாள். பசி வயிற்றுக்குள் மறைந்திருக்கும். கந்தல் எல்லாரும் காண வெளியே தெரியும். பின்வரிசைக்கு ஒதுங்குவதும் கேள்வி கேட்கக் கூசுவதும் மெல்ல மெல்லப் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவதும் இதன் விளைவுகள்.

இதற்குத் தீர்வு ஒரே வகை உடை, அதாவது சீருடை. ஆனால், இங்கேதான் நேர்மை குறித்த கடினமான கேள்வி பிறக்கிறது. சீருடையைக் கட்டாயமாக்கி, அதனைப் பெற்றோரே வாங்க வேண்டும் என்றால் என்ன நிகழும்? வசதியுள்ள குடும்பத்திற்கு அது பல உடைகளுள் ஒன்று. கூலிக் குடும்பத்திற்கோ அதுவே அவ்வாண்டின் புதுத்துணி. துணியின் விலையோடு தையற்கூலி சேரும். நாள்தோறும் துவைத்து உடுத்த இரண்டு இணைகளாவது வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஓராண்டில் சட்டை சிறிதாகிவிடும். மூன்று பிள்ளைகள் படித்தால் செலவு மும்மடங்காகும்.

செலவு வரும் காலமும் கருதத்தக்கது. பள்ளி திறப்பது சூன் மாதத்தில். மழையை நம்பிய ஊர்களில் அறுவடைப் பணம் கைக்கு வருவது தை மாதத்தையொட்டி. பத்தாயத்தில் தானியம் அருகிய நாளில் துணிக்கடைக்குச் செல்ல வேண்டுமெனில் கடன்தான் வழி. கடனுக்கு அஞ்சும் குடும்பம் முதலில் பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தும். வேறுபாட்டை மறைக்க வந்த உடையே வேறுபாட்டை நிலைநாட்டும் வேலியாகிவிடும்.

எனவே, எல்லாரும் ஒன்றுபோல உடுத்த வேண்டும் என்று கேட்பவர்கள், உடுத்த இயலாதவர்களுக்கு அந்தத் துணியைக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். காமராசர் ஆட்சியின் சீருடைத் திட்டத்திற்குள் பொதிந்திருந்த அறம் இதுவாகும்.

ஊர் கூடி அளித்த உடை

அன்றைய அரசின் கருவூலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் துணி வாங்கித் தரும் அளவுக்குச் செழித்திருக்கவில்லை. இந்நிலையில்தான் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்னும் புதிய முயற்சி தோன்றியது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் 1958இல் தொடங்கிய இம்முயற்சி, பின்னர் மாநிலமெங்கும் பரவியது. இதனை முன்னின்று நடத்தியவர் நெ.து. சுந்தரவடிவேலு. இம்மாநாடுகள் பலவற்றில் முதலமைச்சர் நேரில் பங்கேற்று மக்களை ஊக்குவித்தார்.

மாநாட்டின் நடைமுறை எளியது. ஒவ்வொரு பள்ளியும் தன் தேவைகளைப் பட்டியலிட்டது. கட்டடம், விளையாட்டுத் திடல், நாற்காலி, கரும்பலகை, குடிநீர்ப் பானை, உணவு சமைக்கும் பாத்திரம், புத்தகம், பலகை, சீருடை என அப்பட்டியல் நீண்டது. ஊர் மக்கள் ஒன்றுகூடி, தத்தமக்கு இயன்றதை ஏற்றுக்கொண்டனர். நிலமுள்ளவர் பள்ளிக்கு இடம் தந்தார். வணிகர் துணி தந்தார். பணம் இல்லாதவர் உழைப்பைத் தந்தார். பெரிய கொடையாளர் ஒருவரையே நம்பியிராமல், ஊரின் பல கைகள் பள்ளியைத் தூக்கி நிறுத்தின.

இம்முறையில் சீருடை வழங்கப்பட்டதில் நுட்பமான நயம் ஒன்றுண்டு. செல்வர் ஒருவர் ஏழை ஒருவரின் வீட்டு வாயிலில் நின்று துணி கொடுத்தால், பெறுபவர் தலை தாழும். ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் தனி உடை தந்தாலோ, அவ்வுடையே வறுமையின் அடையாளச் சீட்டாகிவிடும். ஊர் பள்ளிக்குக் கொடுத்தது. பள்ளி பிள்ளைகளுக்குக் கொடுத்தது. வீட்டில் வாங்கிய சீருடையும் பள்ளியில் பெற்ற சீருடையும் ஒரே நிறம். வரிசையில் நிற்கும்போது கொடுத்தவர் பிள்ளை எது, பெற்றவர் பிள்ளை எது என்று பிரித்தறிய இயலாது. பெறுபவரின் மானம் காக்கும் கொடையே உயர்ந்த கொடை என்பதை இது செயலில் காட்டியது.

உணவு, உடை ஆகியவற்றோடு கட்டணத் தடையும் நீங்கியது. 1960இல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி இறுதி வகுப்புவரை கட்டணமில்லாக் கல்வி அளிக்கப்பட்டது. வீட்டின் வறுமை காரணமாக ஆறாம் வகுப்பில் பள்ளியை விட்டகன்ற ஒருவர், எந்தெந்தத் தடைகள் தம்மை வெளியேற்றினவோ அவற்றை ஒவ்வொன்றாக அகற்ற முயன்றார்.

கொடையிலிருந்து உரிமைக்கு

எந்தத் திட்டமும் குறையற்றதாகப் பிறப்பதில்லை. ஊரார் கொடையை நம்பிய சீருடைத் திட்டத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. வளமான ஊரில் கொடை பெருகும். வறண்ட ஊரில் கொடுப்பவரும் ஏழையே. மிகுதியாகத் தேவைப்படும் ஊருக்குக் குறைவாகக் கிடைக்கும் நிலையும் ஏற்படலாம். மேலும், இவ்வாண்டு மனமுவந்து கொடுத்தவர் அடுத்த ஆண்டும் கொடுப்பார் என்பதற்கு உறுதியில்லை. பிள்ளையின் உடலோ ஆண்டுதோறும் வளர்கிறது.

இக்குறையைப் பின்வந்த அரசுகள் படிப்படியாக நீக்கின. 1982இல் மதிய உணவுத் திட்டம் சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 1985 முதல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாச் சீருடை வழங்கத் தொடங்கியது. நாள்தோறும் உடுத்த ஓர் இணை போதாது என்பதை உணர்ந்து, 2012ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணைகள் வழங்கப்படுகின்றன. எட்டாம் வகுப்புவரை பயிலும் பிள்ளைகள் இதனால் பயன்பெறுகின்றனர். ஊரின் ஈகையாகத் தொடங்கியது மாணவரின் உரிமையாக மலர்ந்தது.

இத்திட்டம் மற்றொரு வகையிலும் குடும்பங்களைத் தாங்குகிறது. சீருடைக்கான துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன. மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள் அதனைத் தைக்கின்றனர். ஒரு வீட்டின் சுமையைக் குறைக்கும் துணி, மற்றொரு வீட்டின் வருவாயாகிறது.

எனினும், சீருடையின் செலவு குறித்த கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. அரசின் உதவி சென்றடையாத வகுப்புகளிலும் பள்ளிகளிலும் பெற்றோரே இச்செலவை ஏற்கின்றனர். கிழமைக்கு ஒரு நிறம், விளையாட்டுக்குத் தனி உடை, குறிப்பிட்ட காலணி, குறிப்பிட்ட கடை என்று விதிகள் பெருகும்போது சீருடையின் நோக்கம் திசைமாறுகிறது. ஒரு சீருடை நேர்மையானதா என்பதை அளக்க, அப்பள்ளியின் மிக ஏழையான பெற்றோர் கடன்படாமல் அதனை வாங்க முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

தலைவர் உடுத்திய ஆடை

பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே வகை உடை வேண்டும் என்று உழைத்த காமராசர், தாமும் வாழ்நாள் முழுவதும் ஒரே வகை உடையையே அணிந்தார். முழங்கை அளவு தொங்கும் கைகளையுடைய கதர்ச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு ஆகியவையே அவர் உடைமைகள். முதலமைச்சராக இருந்தபோதும் சென்னையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தார். விருதுநகரிலிருந்த தாய்க்கு அளவான தொகையை மாதந்தோறும் அனுப்பினார்; பதவியின் பெயரால் தனிச் சலுகை எதுவும் தம் வீட்டிற்குள் நுழைய இடந்தரவில்லை. 1966இல் சோவியத் நாட்டிற்குச் சென்றபோதும் அதே வேட்டி சட்டையில்தான் காட்சியளித்தார்.

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சியை வலுப்படுத்த வேண்டும் என்ற அவருடைய திட்டம், அவர் பெயராலேயே வழங்கப்பட்டது. அடுத்து அனைத்திந்தியக் காங்கிரசின் தலைவராகி, நாட்டின் தலைமை அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பதில் பெரும் பங்காற்றினார். 1967இல் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே தேர்தலில் தோல்வியுற்றார்; 1969இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். வெற்றியிலும் தோல்வியிலும் அவர் உடை மாறாதது போலவே உள்ளமும் மாறவில்லை.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற உடைமைகள் சில வேட்டி சட்டைகளும் சில நூல்களும் சிறிதளவு பணமுமே. அடுத்த ஆண்டு நாட்டின் உயரிய விருதான பாரத ரத்னா அவருக்கு வழங்கப்பட்டது. அவர் பிறந்த சூலை 15ஆம் நாளைத் தமிழகம் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறது. அந்நாள் வரும்போது புதிய கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருக்கும். வகுப்பறைகளில் புதுத்துணியின் வாசம் இன்னும் நீங்கியிருக்காது. அத்துணியை உடுத்தியிருக்கும் பிள்ளைகளுள் எவர் ஏழை என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

மகமை : வணிகர்கள் தம் வணிக வருவாயில் ஒரு சிறு பகுதியைப் பொதுப்பணிக்கென ஒதுக்கும் வழக்கம். கோயில், குளம், பள்ளி ஆகியவற்றை அமைக்கவும் பேணவும் இப்பொருள் பயன்பட்டது.

பிடி அரிசி : நாள்தோறும் சமைப்பதற்கு முன் ஒரு பிடி அரிசியைப் பொதுக் காரியத்திற்கென எடுத்துவைக்கும் வழக்கம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பில் ஒருவருக்கு ஓராண்டிற்குத் தேவையான சீருடைகளின் துணி விலை, தையற்கூலி, காலணிச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு அட்டவணை ஒன்று உருவாக்குக. ஒரு கூலித் தொழிலாளர் அத்தொகையை ஈட்ட எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதையும் காண்க.

2. சீருடை வேறுபாட்டை நீக்குகிறதா, வேறு வடிவில் வளர்க்கிறதா என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊர்ப் பள்ளி தொடங்கப்பட்டபோது இடமும் பொருளும் உழைப்பும் தந்தவர்களைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.